கடைக்கு நாக்காக இருந்த கதை

விருதுநகர்ப் பேட்டையில் ஒரு காலத்தில் என்னை ‘நாக்குக் கண்ணுச்சாமி’ என்றுதான் சொல்வார்கள். அப்போது கேட்கப் பெருமையாக இருக்கும். இப்போது நினைத்தால் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல வருகிறது.

சண்முகவேல் அண்ணாச்சியின் கமிஷன் கடையில் எனக்குச் சரக்கு பார்க்கிற வேலை. மல்லி, சுக்கு, மிளகு, சித்தரத்தை என்று மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். குத்தூசியைச் சொருகி ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு கை எடுப்பேன். கடைக்குப் பின்னால் ஒரு கரியடுப்பு. அதில் சரக்கைத் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்து, ஒரு வாய் உறிஞ்சுவேன். உடனே விழுங்கிவிட மாட்டேன். கண்ணை மூடுவேன், வாய்க்குள் இப்படியும் அப்படியும் உருட்டுவேன், தலையை இரண்டு தடவை ஆட்டுவேன். கடைப்பையன்கள் முதல் வண்டிக்காரர்கள் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். “போன வருசத்துச் சரக்கு அண்ணாச்சி, விலையத் தள்ளிக் கேளுங்க” என்பேன். அதற்கு அப்பீலே கிடையாது. நான் வாய் வைத்த சரக்கில் வேறு யாரும் வாய் வைத்துப் பார்ப்பதில்லை என்பது கடை வழக்கம். இந்த வழக்கம்தான் பிற்பாடு என்னைக் கவிழ்த்தது. ஆனால் அன்றைக்கு நான் அதை எனக்குக் கிடைத்த மாலை மரியாதை என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஐம்பத்தேழாம் வருடம் ஊரெல்லாம் ஒரு காய்ச்சல் வந்து போனது. வீட்டுக்கு இரண்டு பேர் படுத்தார்கள். எங்கள் வீட்டில் இருந்ததே இரண்டு பேர். என் மனைவி ராமுத்தாய் மூன்றே நாளில் எழுந்துவிட்டாள். நான் ஒன்பது நாள் கிடந்தேன். பத்தாம் நாள் மிளகு ரசம் ஊற்றிச் சோறு தந்தாள். வாயில் வைத்தேன். ஒன்றுமே தெரியவில்லை. மிளகின் எரிச்சல் மட்டும் தொண்டையில் இறங்கியது. உப்பு இல்லை, புளிப்பு இல்லை, வாசம் இல்லை. காய்ச்சல் வாய் அப்படித்தான் இருக்கும், சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஒரு வாரம் போனது. ஒரு மாதம் போனது. நாக்கு செத்தது செத்ததுதான்.

நாக்கு இல்லாத கண்ணுச்சாமியை வைத்து அண்ணாச்சி என்ன செய்வார்? ஊரில் எனக்கு நிலம் கிடையாது. மூட்டை தூக்கத் தெம்பு கிடையாது. எழுதப் படிக்கத் தெரியும், ஆனால் என் கையெழுத்தைப் பார்த்தால் கணக்குப்பிள்ளை அழுதுவிடுவார். எனக்கு இருந்தது அந்த ஒரு நாக்கு. அதனால் வாயைத் திறந்து யாரிடமும் சொல்லவில்லை. கண்ணால் நிறம் பார்த்தேன், விரலால் ஈரம் பார்த்தேன், சுக்கை ஒடித்துச் சத்தம் கேட்டேன். மற்றபடி தலையை இரண்டுக்கு மூன்றாக ஆட்டினேன். ஆட்டல் கூடக் கூட என் மதிப்பும் கூடியது. அதுதான் வேடிக்கை.

ராமுத்தாயிடமும் சொல்லவில்லை. அதுதான் பெரிய தப்பு.

அவள் அச்சங்குளத்துக்காரி. தேயிலையே இல்லாமல் தினுசு தினுசாக டீ போடுவாள். நாங்கள் எல்லாவற்றையும் காப்பி என்றுதான் சொல்வோம், காப்பிக்கொட்டைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லாவிட்டாலும். காய்ச்சலில் எழுந்த மனுசன் தேறட்டும் என்று சாயங்காலம் சாயங்காலம் புதுசாக ஒன்று வைத்துத் தருவாள். ஒருநாள் துளசி. ஒருநாள் கருப்பட்டி தட்டிப்போட்ட சுக்குமல்லி. ஒருநாள் ஆவாரம்பூ, தம்ளருக்குள் பொன் நிறத்தில் மின்னும். தூதுவளை, கற்பூரவல்லி, ஓமம். கண்மாய்க்கரை வரை நடந்துபோய் இலை பறித்து வருவாள். தம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டு, “எப்பிடி இருக்கு?” என்பாள்.

நான் சும்மா ‘நல்லாருக்கு’ என்று சொல்லியிருக்கலாம். பெரிய நாக்குக்காரன் ஆயிற்றே, அப்படிச் சொன்னால் கௌரவம் என்னாவது? “நுனி நாக்குல லேசா இனிப்பு, அடி நாக்குல ஒரு துவர்ப்பு, விழுங்குன பெறகு மெள்ள ஒரு வாசம் எந்திரிச்சு வருது பாரு” என்று அளப்பேன். எல்லாவற்றுக்கும் இதே பாட்டுத்தான், இனிப்பையும் துவர்ப்பையும் மட்டும் இடம் மாற்றிக்கொள்வேன். அவள் முகம் மலர்ந்துவிடும். மறுநாள் இன்னும் தூரம் நடந்துபோய் இன்னொரு இலை கொண்டுவருவாள்.

ஐந்து மாதம் இப்படி ஓடியது. ஒருநாள் அடுப்பங்கரையில் இருந்த தம்ளரை நானே எடுத்து முழுசாகக் குடித்துவிட்டு, “ஆவாரம்பூ இன்னைக்கிப் பிரமாதம். கருப்பட்டி மட்டும் ஒரு பிடி தூக்கல்” என்றேன்.

அது பக்கத்து வீட்டுக் குழந்தையின் காய்ச்சலுக்காக அவள் காய்ச்சி வைத்திருந்த நிலவேம்புக் கசாயம். நிலவேம்பு குடித்தவர்களுக்குத் தெரியும், பெரிய மனிதர்களே மூக்கைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் கோணுவார்கள். நான் கருப்பட்டி தூக்கல் என்று உதட்டைத் துடைத்தேன்.

ராமுத்தாய் காலித் தம்ளரை வாங்கிக் கழுவிவைத்தாள். மறுநாள் சாயங்காலம் வழக்கம்போலத் தம்ளரைக் கொடுத்தாள். குடித்தேன். “என்ன இலை இது? புதுசா இருக்கே! மலைச் சரக்கா?” என்றேன்.

“பச்சத்தண்ணியக் கொதிக்க வச்சுக் கொடுத்தேன்” என்றாள்.

அவள் சிரிக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். பொசுக்கென்று அழுதுவிட்டாள்.

“என்னைக்கி இருந்து இப்பிடி?”

“காய்ச்சல்ல இருந்து.”

“அப்ப இத்தனை நாளு நீங்க சொன்னது அம்புட்டும் பொய்யா? நான் கிறுக்கச்சி மாதிரி முள்ளுக்குள்ள பூந்து இலை பறிச்சுக்கிட்டு அலைஞ்சேனே!”

நாக்கு செத்தது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. நான் புகழ்ந்தது பொய் என்பதுதான் சுட்டது. இரண்டு நாள் என்னோடு பேசவே இல்லை. வெந்நீர்கூடக் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் என் வேட்டி மடிப்பில் ஒட்டியிருந்த மல்லியை எடுத்து வாயில் போட்டு மென்றாள். “இது ஈரத்தோட மூட்டை பிடிச்சது. பத்து நாள்ல பூஞ்சணம் பூத்துரும். இதுக்கு என்ன சொன்னீக?” என்றாள்.

“முதல் தரம்னு சொல்லிட்டேனே!”

“நல்லாச் சொன்னீக போங்க. நாளையில இருந்து எதுலயும் ஒரு கை எடுத்துட்டு வந்து என்கிட்டக் காட்டிட்டுச் சொல்லுங்க.”

அன்றையிலிருந்து கடையின் நாக்கு என் வீட்டுக்கு மாறிவிட்டது. துண்டின் நாலு மூலையிலும் நாலு முடிச்சு, முடிச்சுக்கு ஒரு சாம்பிள். அண்ணாச்சியிடம், “சரக்கு ஒரு ராத்திரி என்கிட்ட இருக்கணும் அண்ணாச்சி. அவசரப்பட்டா நாக்கு ஏமாந்துரும்” என்று ஒரு புளுகு விட்டேன். “தொழில்னா இப்பிடியில்ல இருக்கணும்!” என்று அவர் மற்றவர்களிடம் சொல்லிச் சொல்லி வியந்தார்.

ராமுத்தாய் கண்ணை மூட மாட்டாள், தலையை ஆட்ட மாட்டாள். ஒரு வாய் குடிப்பாள், முற்றத்தில் துப்புவாள், “சுக்குல சுண்ணாம்பு சாஸ்தி” என்பாள். முடிந்தது. அந்த மூன்று வார்த்தையை நான் மறுநாள் கடையில் கால் மணி நேரம் இழுத்துச் சொல்வேன். ஆறு வருடம். அந்த ஆறு வருடத்தில் எங்கள் கடை வாங்கிய சரக்கில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. என் பேர் சாத்தூர், சிவகாசி என்று பரவியது. அவள் பேர் எங்கள் தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை. அது எனக்கு உறுத்தியதா என்று கேட்டால், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உறுத்தவில்லை.

அறுபத்து மூன்றில் அச்சங்குளம் பட்டாசுக் கம்பெனி முதலாளி லட்சுமிகாந்தம் எங்கள் கடைக்கு வந்தார். கம்பெனியில் நூற்றைம்பது பேர் வேலை செய்கிறார்கள், வெடிமருந்துத் தூசியில் எல்லாருக்கும் தொண்டை கமறுகிறது, தேயிலைக்குப் பதிலாக மூலிகையில் ஏதாவது கலந்து கொடுத்தால் மாதாமாதம் ஆர்டர் தருகிறேன் என்றார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் மோட்டுவளையைப் பார்த்துத் தாடையைத் தடவினேன். ஏதோ யோசிக்கிற மாதிரி.

யோசித்தவள் ராமுத்தாய். மூன்று நாள் அடுப்படியை விட்டு நகரவில்லை. மல்லி இவ்வளவு, சுக்கு இவ்வளவு, துளசி, தூதுவளை, ஆவாரம்பூ, தொண்டைக்குச் சித்தரத்தை, கடைசியில் அரைக் கை மிளகு. கூட்டியும் குறைத்தும் பதினெட்டுத் தடவை காய்ச்சினாள். அந்தக் கம்பெனியில்தான் அவள் தங்கச்சி ஆவுடைத்தாய் வெடிக்குத் தாள் சுற்றுகிறாள். “அவ குடிக்கப்போறது, நல்லா இருக்கணும்” என்று சொல்லிச் சொல்லிக் கலந்தாள். முதலாளி குடித்துப் பார்த்துவிட்டு, “எப்பிடிக் கண்ணுச்சாமி இப்பிடி ஒரு பக்குவம் பிடிச்சீக?” என்றார்.

“எல்லாம் அனுபவந்தான் மொதலாளி” என்றேன் நான். பூமி பிளக்கவில்லை.

இரண்டு லோடு ஒழுங்காகப் போனது. மூன்றாவது லோடு தீபாவளிச் சீசன் நேரம். ஆவுடைத்தாய் மகளுக்குக் காதுகுத்து என்று ராமுத்தாய் அச்சங்குளம் போய் ஒரு வாரம் தங்கிவிட்டாள். இங்கே கலவை தயார், நாலு மூட்டை கட்டி முடித்தாகிவிட்டது, லாரி வாசலில் உறுமிக்கொண்டு நிற்கிறது. அடுப்பில் ஒரு கை போட்டுக் காய்ச்சித் தம்ளரைக் கொண்டுவந்து நீட்டினார்கள்.

“ஒரு ராத்திரி இருக்கட்டும் அண்ணாச்சி” என்றேன்.

“கம்பெனியில கலவை தீந்துபோச்சாம், சீசன் நேரத்துல ராத்திரியாவது பகலாவது! குடிச்சுச் சொல்லுப்பா.”

குடித்தேன். மிளகு தொண்டையில் சுருக்கென்று இறங்கியது. மிளகு இருந்தால் மற்றதும் இருக்கத்தானே செய்யும்? கண்ணை மூடினேன், ஆட்டினேன். “அமிர்தம் அண்ணாச்சி” என்றேன். லாரி போய்விட்டது.

மறுநாள் காலை சாக்கு வியாபாரி நாகையா வந்தார். பழைய சாக்குகளை வாங்கி உதறித் தைத்து விற்பவர். “அண்ணாச்சி, ஒரு தப்பு நடந்துபோச்சு. போன கட்டுல சிவகாசிச் சாக்கு ரெண்டு கலந்திருச்சு. கந்தகம் வந்த சாக்கு. எங்க ஆளு உள்பக்கத்த வெளிய திருப்பித் தச்சுட்டான், மேல இருந்த எழுத்து மறைஞ்சுபோச்சு. தின்கிற சரக்குக்குப் போட்டுறாதீக” என்றார்.

பட்டாசுக் கம்பெனிக்குக் கந்தகம் கொண்டுபோன சாக்கு, காலியாகி, எங்கள் கடைக்கு வந்து, காப்பிச் சரக்கோடு பட்டாசுக் கம்பெனிக்கே திரும்பிப் போயிருக்கிறது.

“கண்ணுச்சாமி ருசி பாத்துல்ல அனுப்பிச்சான். கந்தகம் இருந்தா அவன் நாக்கு காட்டிக்கொடுத்திருக்காதா?” என்றார் அண்ணாச்சி. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

“இல்ல அண்ணாச்சி, எதுக்கும் நேர்ல போயிருவோம். உடனே போயிருவோம்” என்றேன். என் முகத்தைப் பார்த்தவர் மறுபேச்சுப் பேசாமல் காரை எடுக்கச் சொன்னார். சாத்தூர் தாண்டும்வரை நான் வேண்டாத சாமி இல்லை. ஆவுடைத்தாய்க்கும் அந்தப் பெண்களுக்கும் எதுவும் ஆகிவிடக் கூடாது என்று வேண்டினேன். நடுநடுவே, குட்டு வெளிப்பட்டுவிடக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன். அந்த நேரத்திலும் எனக்கு அந்தப் புத்தி.

பட்டாசுக் கம்பெனிக்குள் அடுப்பு மூட்டக் கூடாது. அதனால் வேலிக்கு வெளியே, நூறு அடி தள்ளி ஒரு வேப்பமரத்தடியில் காப்பி காய்ச்சுவார்கள். நாங்கள் போய் இறங்கியபோது மரத்தடியில் ஒரே கூட்டம். நடுவில் அண்டா. அண்டாவுக்கு முன்னால் என் பெண்டாட்டி, கையில் அகப்பையோடு.

“ஒருத்தரும் தொடப்படாது! தொட்டா அகப்பையாலயே போட்டுருவேன்!”

தங்கச்சிக்குத் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்தவள், அண்டாவிலிருந்து வந்த ஆவியை முகர்ந்ததுமே மூடியைப் போட்டிருக்கிறாள். வேலையாட்களுக்கு அதில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. கை, சேலை, தலைமயிர் எல்லாவற்றிலும் நாள் முழுக்கக் கந்தக வாடையோடு இருக்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்? முந்திக்கொண்டு குடித்த மூன்று பெண்கள் வாந்தி எடுத்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். நல்லவேளை, அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை.

லட்சுமிகாந்தம் முதலாளி கோபத்தில் சிவந்திருந்தார். “என்ன அண்ணாச்சி இது? கண்ணுச்சாமி பாத்த சரக்கா இது?” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ராமுத்தாய் முந்திக்கொண்டாள். “அவுக மேல தப்பில்ல மொதலாளி. சரக்கு நல்ல சரக்கு. அவுக பாத்த பெறகு சாக்குலதான் கெட்டுப்போச்சு. ரெண்டு மூட்டையில வாடையே இல்ல, நான் பாத்துட்டேன். அதுல புதுசாக் காய்ச்சச் சொல்லுங்க.”

வேண்டுமென்றே என்னைக் காப்பாற்றினாள். நாகையா சொன்ன சாக்குக் கதையை அண்ணாச்சியும் எடுத்துச் சொன்னார். முதலாளிக்குக் கோபம் தணிந்தது. அண்டாவைக் கழுவி, புதுசாகத் தண்ணீர் வைத்து, நல்ல மூட்டையிலிருந்து கலவை போட்டுக் காய்ச்சினார்கள். ஆனால் ஒருத்தரும் தம்ளரை நீட்டவில்லை.

“அவுக குடிச்சுச் சொல்லட்டும், பெறகு நாங்க குடிக்கோம்” என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முதலாளியே ஒரு தம்ளரில் ஊற்றி என் கையில் கொடுத்தார்.

நூற்றைம்பது பேர். ராமுத்தாய் எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி லேசாகத் தலையை அசைத்தாள். நல்ல சரக்குத்தான், சொல்லிவிடு என்று அர்த்தம். ஒரு வாய் உறிஞ்சி, கண்ணை மூடி, இரண்டு ஆட்டு ஆட்டினால் போதும். என் பேர் பழையபடி நின்றுவிடும். தம்ளரை உதடு வரை கொண்டுபோனேன்.

எதிரே ஆவுடைத்தாய் நின்றுகொண்டிருந்தாள். கையில் காலித் தம்ளர். விரலெல்லாம் வெடிமருந்துக் கறுப்பு. மச்சான் என்ன சொல்லப்போகிறார் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. நேற்றும் இதே வாயால்தான் அமிர்தம் என்றேன்.

தம்ளரை ராமுத்தாயிடம் நீட்டினேன். “நீ குடிச்சுச் சொல்லு.”

“என்ன கூத்து இது? நீங்க குடிங்க” என்று பல்லைக் கடித்தாள்.

“அண்ணாச்சி, மொதலாளி, எல்லாரும் கேட்டுக்கோங்க. என் நாக்கு செத்து ஆறு வருசமாச்சு. எனக்குக் கந்தகமும் தெரியாது, கருப்பட்டியும் தெரியாது. இந்தக் கலவையும் நான் கலந்ததில்ல. இம்புட்டு நாளும் ருசி பாத்தது இவ. நான் சும்மா தலைய ஆட்டுனேன்.”

யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. கோபத்தை நான் எதிர்பார்த்தேன், திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தேன். அவர் முகத்தில் இருந்தது வருத்தம். எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது.

ராமுத்தாய் தம்ளரை வாங்கினாள். குடித்தாள். இப்போது எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் எதையும் ஆட்டவில்லை.

“குடிக்கலாம். ஆனாக் கருப்பட்டி பத்தாது” என்றாள்.

முதலாளி கருப்பட்டிக்கு ஆள் அனுப்பினார். ஒருவர் பின் ஒருவராகத் தம்ளரை நீட்டினார்கள். ஆவுடைத்தாய் முதலில் வாங்கிக் குடித்தாள். என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன்.

புறப்படும்போது அண்ணாச்சி என்னிடம் சொன்னார். “கண்ணுச்சாமி, கண்ணாவது தெரியுதுல்ல? நாளையில இருந்து சாக்கு பாரு.” பிறகு ராமுத்தாயிடம், “தாயி, இனிமே சாம்பிள் வீட்டுக்கே வரும். இப்ப மாதிரியே பாத்துச் சொல்லிவிடு. ஊருக்குக் கண்ணுச்சாமி பேராவே இருந்துட்டுப் போகட்டும். பேட்டையில பொம்பளை பேரு எதுக்கு?” என்றார். எனக்கு உதவி செய்வதாகத்தான் அவர் நினைத்திருப்பார்.

ராமுத்தாய் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“சொல்றேன் அண்ணாச்சி. ஆனா ஊருக்கு எம்பேரு போட்டுத்தான் நீங்க சொல்லணும். இல்லைனா வேற நாக்குப் பாத்துக்கோங்க” என்றாள்.

ஆறு வருடமாக எனக்கு எதிரே உட்கார்ந்து துப்பித் துப்பிச் சொன்னவள், இந்த ஒரு ஆசையை ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. நானும் ஒருநாளாவது கேட்டதில்லை.